மாண்டிசோரி அம்மையார்

குழந்தையின் மனம் ஒரு வெறுங்குடம். ஆசிரியர் அதில் அறிவை மொண்டு ஊற்ற வேண்டும். ஊற்றும்போது குடம் அசையாதிருத்தல் வேண்டும் என்பது உலகம் நெடுங்காலம் கொண்டிருந்த கருத்தாகும். அதனால் பள்ளி என்றவுடன் அடக்கமும் அச்சமும் பிரம்புமே பலர்க்கு நினைவில் எழுந்தன. குழந்தை தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் வாய்ந்த உயிர் என்பதைப் பல்லாண்டுகள் உற்று நோக்கிக் கண்டு, கண்டதைச் செயலிலும் நிலைநாட்டியோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் நிற்பவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டிற் பிறந்து, மருத்துவம் பயின்று, பல நாடுகளுக்கும் சென்று, நம் தமிழகத்திலும் தங்கித் தொண்டாற்றிய அப்பெருமாட்டியின் வரலாறு நாம் அறிந்து போற்றத்தக்கதாகும்.

மரியா 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள், அங்கோனா நகரை அடுத்த கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெசாண்ட்ரோ அரசாங்க அலுவலர். பழைய மரபுகளில் ஊன்றி நின்றவர். தாயார் ரெனில்டே நூற்பயிற்சி மிக்கவர். தம் மகள் எத்துணை உயரக் கூடுமோ அத்துணை உயர வேண்டும் என்று விழைந்தவர். மரியாவின் இளம் பருவத்திலேயே குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் இத்தாலியப் பெண்மக்களின் உயர்கல்வி பெரும்பாலும் ஆசிரியப் பயிற்சியோடு நின்றுவிடும். மரியாவோ கணிதத்தில் வேட்கை கொண்டு, தம் 13-ஆம் வயதில், பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே பயிலும் தொழில்நுட்பப் பள்ளியிற் சேர்ந்தார். பொறியியல் வல்லுநராக விரும்பியிருந்தவர், பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றி, மருத்துவராதல் வேண்டும் என்று உறுதி பூண்டார். தந்தையார் அதற்கு இசையவில்லை. ஊராரும் முகஞ்சுளித்தனர். தாயார் ஒருவரே மகளுக்குத் துணையாய் நின்றார்.

1890-ஆம் ஆண்டு மரியா உரோமாபுரிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, முதலில் இயற்கை அறிவியலும் அதன்பின் மருத்துவமும் கற்றார். உடன் பயின்ற ஆடவர்களின் ஏளனத்தை அவர் நாள்தோறும் தாங்க நேர்ந்தது. ஆடவருடன் ஒரே அறையில் ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பயில்வது தகாது என்று அந்நாளைய வழக்கம் விலக்கியது. ஆகவே மற்றவர்கள் வீடு திரும்பிய பின், அந்தி மயங்கிய வேளையில், பிணங்கள் கிடக்கும் கூடத்தில் அவர் தனியே அமர்ந்து தம் பாடத்தைப் பயின்றார். அத்தகைய மாலைகளில் அவர் உள்ளம் எத்துணைத் துணிவை வேண்டி நின்றிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். 1896-ஆம் ஆண்டில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே என்று சொல்வது வழக்கமாயினும், அவருக்கு முன்னரும் சிலர் பெற்றிருந்தனர் என்பதே உண்மை. எனினும் அவ்வழி நடந்தோர் மிகச் சிலரே. அதே ஆண்டில் பெர்லின் நகரில் நிகழ்ந்த பெண்கள் மாநாட்டில் அவர் தம் நாட்டின் சார்பில் கலந்துகொண்டு, உழைக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒத்த கூலி வழங்க வேண்டும் என வாதிட்டார். எதிர்த்து நின்ற தந்தையாரும் நாளடைவில் மனம் மாறி, மகளைப் பற்றிச் செய்தித்தாள்களில் வந்தவற்றையெல்லாம் வெட்டித் தொகுத்து வைத்து மகிழ்ந்தார்.

பட்டம் பெற்ற மரியா, பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். அதன் பொருட்டு நகரிலுள்ள மனநோயாளர் இல்லங்களுக்குச் செல்வார். அங்கே, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் வேறு போக்கிடமின்றி முதியோரோடு அடைக்கப்பட்டுக் கிடந்தனர். ஓரிடத்தில், உணவு முடிந்தவுடன் அக்குழந்தைகள் தரையிற் சிந்திய அப்பத் துணுக்குகளைப் பாய்ந்து பொறுக்குவதை அவர் கண்டார். அவர்களைக் காத்துவந்த பெண் அதனைப் பேராசை என்று இகழ்ந்தாள். மரியா அறையைச் சுற்றி நோக்கினார். வெறுஞ்சுவர்களும் வெறுந்தரையும் அன்றி, கையால் தொடுவதற்கு ஒரு பொருளும் அங்கில்லை. அக்குழந்தைகளின் பசி வயிற்றுப் பசி அன்று. எதையேனும் எடுத்து, தடவி, உருட்டி அறிய விரும்பும் கைகளின் பசி என்பது அவருக்குப் புலனாயிற்று. இவர்களுக்கு மருந்தினும் கல்வியே இன்றியமையாதது என்ற முடிவிற்கு அவர் வந்தார்.

இத்துறையில் தமக்கு முன் உழைத்தவர் யாவர் என அவர் தேடினார். பிரான்சு நாட்டுக் காட்டிற் பிடிபட்ட சிறுவன் ஒருவனுக்குக் கல்வி புகட்ட முயன்ற இட்டார் என்னும் மருத்துவரின் நூல்களும், அவர் மாணவர் செகேன் என்பாரின் நூல்களும் கிடைத்தன. அவற்றைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியிற் பெயர்த்தெழுதி, ஒவ்வொரு கருத்தையும் எண்ணி எண்ணிக் கற்றார். 1900-ஆம் ஆண்டில் உரோமாபுரியில் இத்தகைய குழந்தைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கியபோது, அதனை நடத்தும் பொறுப்பில் அவரும் ஒருவரானார். பகலெல்லாம் குழந்தைகளுக்குக் கற்பிப்பார். இரவில் அன்று கண்டவற்றை எழுதி ஆராய்வார். நாளடைவில் அக்குழந்தைகளுட் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, பொதுப் பள்ளிப் பிள்ளைகளுக்குரிய தேர்விலும் வெற்றி பெற்றனர். நகரம் வியந்து போற்றிற்று. ஆனால் மரியாவின் உள்ளத்தில் வேறொரு வினா எழுந்தது. குறையுடைய பிள்ளைகள் முறையான பயிற்சியால் பிறரோடு ஒப்ப நிற்பாராயின், குறையற்ற பிள்ளைகளை இதுகாறும் அந்நிலையிலேயே தடுத்து வைத்திருந்தது யாது? இவ்வினாவே அவர்தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது.

அவர் வாழ்வில் ஒரு துயரமும் இருந்தது. 1898-ஆம் ஆண்டில் அவருக்கு மேரியோ என்னும் மகன் பிறந்தான். மணமாகாத தாயை அக்காலச் சமூகம் மன்னிப்பதில்லை. ஆதலின் அக்குழந்தை வேறொரு குடும்பத்தில் வளர நேர்ந்தது. அவர் அவ்வப்போது சென்று பார்த்து வருவார். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் தாயாக நின்றவர், தம் குழந்தையை மகன் என்று வெளிப்படக் கூறவும் இயலாதிருந்தார். மேரியோ ஏறத்தாழ 15 வயதில் அன்னையிடம் வந்து சேர்ந்து, பின் அவர் இறுதிவரை பிரியாத துணைவனாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் விளங்கினான்.

1901-ஆம் ஆண்டில் மரியா அப்பள்ளியை விட்டு, மீண்டும் மாணவியாகித் தத்துவமும் மானிடவியலும் உளநூலும் பயின்றார். குறையற்ற குழந்தைகளிடம் தம் முறையைச் செய்து பார்க்கும் வாய்ப்பு 1907-ஆம் ஆண்டில் வந்தது. உரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைகளின் சேரியில் ஒரு கட்டடக் குழுவினர் பாழ்பட்ட வீடுகளைச் செப்பனிட்டுக் குடிவைத்தனர். பெற்றோர் பகலில் வேலைக்குச் சென்றுவிட, பள்ளிப் பருவம் எய்தாத சிறுவர்கள் படிக்கட்டுகளில் ஓடியாடிச் சுவர்களைக் கெடுத்து வந்தனர். அவர்களை ஓரிடத்தில் வைத்துக் காக்க வேண்டி, அக்குழுவினர் மரியாவை அழைத்தனர். 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் அங்கே குழந்தைகள் இல்லம் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 50 குழந்தைகள் வந்து சேர்ந்தனர். பலர் அழுதனர், சிலர் வாய் திறவாமல் மருண்டு நின்றனர். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண்ணை மரியா அமர்த்தினார். பொருள்களைக் கையாளும் வகையைக் காட்டுதல் வேண்டும். அதன்பின் குழந்தைகளின் செயலிற் குறுக்கிடாதிருத்தல் வேண்டும் என்பதே அப்பெண்ணுக்கு இடப்பட்ட கட்டளை.

அங்கு மரியா கண்டவற்றுள் ஒன்றை இங்குக் கூறலாம். மரக்கட்டை ஒன்றில் வெவ்வேறு அளவுள்ள குழிகள் வரிசையாகக் குடையப்பட்டிருக்கும். அவற்றிற்கு ஏற்ற உருளைகளை வெளியே எடுத்துக் கலைத்து, மீண்டும் உரிய குழியிற் பொருத்த வேண்டும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வேலையில் ஈடுபட்டிருந்தாள். மரியா மற்றக் குழந்தைகளை அவளைச் சுற்றி ஆடிப் பாடச் செய்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமீது வைத்தார். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு, மேசைமேலிருந்தவாறே வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்து, பின்னர் இனிய உறக்கத்தினின்று எழுந்தவள் போல முகமலர்ந்து அவள் நிறுத்தினாள். சிறுவர் மனம் ஒருநிலைப்படாது என்று அறிஞர் பலரும் எண்ணியிருந்த காலம் அது. உள்ளம் வேண்டும் வேலை கிடைக்குமாயின், மூன்று வயதுக் குழந்தையும் தவம் புரிவார் போல ஒன்றி நிற்கும் என்பது அன்று தெளிவாயிற்று.

அவ்வுருளைக் கட்டையில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒன்றைத் தவறான குழியில் இட்டால், இறுதியில் ஓர் உருளைக்கு இடம் பொருந்தாது. ஆகவே பிழையைக் காட்ட ஆசிரியர் வேண்டுவதில்லை, பொருளே காட்டிவிடும். குழந்தை அஞ்சாமலும் நாணாமலும் தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும். பொத்தான் மாட்டப் பழகுவதற்குரிய சட்டங்களும், எண்ணிக்கை கற்பிக்கும் மணிகளும் அவர் அமைத்த பிற கருவிகளாகும். ஒரு மணி ஒன்றையும், பத்து மணி கோத்த கம்பி பத்தையும், அத்தகைய பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறையும், பத்துச் சதுரம் அடுக்கிய கட்டி ஆயிரத்தையும் குறிக்கும். ஆயிரம் என்பது எத்துணைப் பெரிது என்பதைக் குழந்தையின் கையே எடையால் அறியும்.

மற்றொரு நாள் பொருள்கள் வைத்த பேழை பூட்டப்படாமல் இருந்தது. குழந்தைகள் தாமே அதனைத் திறந்து, தத்தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து வேலையில் அமர்ந்தனர். மரியா அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. தேர்ந்தெடுக்கும் அறிவு குழந்தைக்கு உண்டு என்று கண்டு, அவர்கள் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகளையும், அவர்களே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு மேசை நாற்காலிகளையும் செய்வித்தார். பரிசுகளையும் தண்டனைகளையும் அக்குழந்தைகள் பொருட்படுத்தாமையைக் கண்டு, அவற்றையும் நீக்கினார்.

எழுத்துக் கற்பித்த முறையும் வியக்கத்தக்கதே. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டுவித்தார். குழந்தை விரலால் அவற்றைத் தடவி, அவ்வெழுத்தின் ஒலியையும் சொல்லும். கண், கை, செவி மூன்றும் ஒருங்கே கற்கும். அவ்வில்லம் தொடங்கிய ஆண்டின் இறுதியில் ஒருநாள், மேல்தளத்தில் குழந்தைகள் வெயிலில் விளையாடிக்கொண்டிருந்தனர். மரியா ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான், வரைந்தவன் திடீரென்று தரையில் ஒரு சொல்லை எழுதினான், பின் மற்றொன்றையும் எழுதினான். தனக்கு எழுத வந்துவிட்டது என்று அவன் மகிழ்ச்சியாற் கூவ, மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து சுண்ணக்கட்டியை வாங்கித் தாமும் எழுதலாயினர். ஏழைத் தொழிலாளர் சேரியில், எழுத்தறியாப் பெற்றோர் பலருக்குப் பிறந்த பிள்ளைகள், யாரும் வற்புறுத்தாமலே எழுதக் கற்றனர்.

இச்செய்தி விரைவிற் பரவிற்று. 1909-ஆம் ஆண்டில் அவர் தம் முறையை விளக்கி நூல் எழுதினார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்தினார். அந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. அமெரிக்க நாடு அவரைச் சிறப்புடன் வரவேற்றது. மாறுபட்டு உரைத்தோரும் இருந்தனர். 1914-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பாட்ரிக்கு என்பார், இம்முறையில் கற்பனை விளையாட்டிற்கும் குழந்தைகள் கூடிச் செய்யும் செயலுக்கும் போதிய இடமில்லை என்று எழுதினார். அதன்பின் அந்நாட்டில் இம்முறை நெடுநாள் செல்வாக்கிழந்து, 1960-ஆம் ஆண்டளவில் மீண்டும் தழைத்தது.

அரசியற் காற்றும் அம்மையாரை அலைக்கழித்தது. இத்தாலியை ஆண்ட முசோலினி, 1924-ஆம் ஆண்டு முதல் அவர் பள்ளிகளுக்கு ஆதரவளித்தார். தம் முறை பரவும் என்ற நம்பிக்கையில் அம்மையாரும் அதனை ஏற்றார். ஆனால் கட்டளைக்குப் பணியும் கூட்டத்தை வேண்டும் ஆட்சியும், தாமே எண்ணித் தேர்ந்து செயலாற்றும் மக்களை வளர்க்கும் கல்வியும் நெடுநாள் ஒத்துச் செல்ல இயலுமோ? 1934-ஆம் ஆண்டில் பிணக்கு முற்றி, அவர் நாட்டை விட்டு நீங்கினார். இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. இட்லர் ஆண்ட செருமனியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பார்சிலோனா நகரில் வாழ்ந்து வந்தவர், 1936-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூளவே, அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்தை அடைந்தார்.

1939-ஆம் ஆண்டில், சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, அம்மையார் மகனுடன் தமிழகம் போந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதற் பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மேரியோ ஆங்கிலத்திற் பெயர்த்துக் கூறுவார். சில திங்கள் தங்கித் திரும்பவே அவர் எண்ணியிருந்தார். ஆனால் 1940-ஆம் ஆண்டு சூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசு இத்தாலியரைப் பகைநாட்டாராகக் கருதி, மேரியோவை அகமதுநகரில் காவலில் வைத்தது. அம்மையார் அடையாற்று எல்லையைக் கடவாதிருக்கப் பணித்தது. அன்னையின் 70-ஆம் பிறந்த நாளன்று, அவருக்குரிய பரிசாக, அரசப் பிரதிநிதி மேரியோவை விடுவித்தார்.

போர் முடியும்வரை இந்தியாவை விட்டு நீங்க இயலாத அந்நிலையையும் அம்மையார் பணிக்கே பயன்படுத்தினார். கோடைக்கானலில் தங்கியிருந்த காலத்தில், ஆறு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களுடன் மலைச்சாரலில் உலவி, செடிகொடிகளையும் பூச்சிகளையும் அவர்கள் ஆராயுமாறு செய்தார். மண்ணும் நீரும் மரமும் விலங்கும் மனிதனும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் உலக ஒழுங்கைச் சிறுவர் உணரும்படி கற்பிக்கும் முறை அங்கே உருப்பெற்றது. அகமதாபாத், கராச்சி, இலங்கை முதலிய இடங்களிலும் பயிற்சி நடத்தினார். இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர் ஆயிரவருக்கு மேற்படுவர். அகமதாபாத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949-ஆம் ஆண்டில் நூலாகி அடையாற்றிலிருந்து வெளிவந்தன. பிறந்தது முதல் ஆறு வயதுவரை குழந்தை தன் சூழலை, பஞ்சு நீரை உறிஞ்சுவது போல முயற்சியின்றியே தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது என்பதும், மொழி, ஒழுங்கு, அசைவு ஆகிய ஒவ்வொன்றையும் கற்பதற்கு உரிய பருவம் உண்டு என்பதும் அந்நாள்களில் அவர் விளக்கிய கருத்துகளுள் தலையாயவை.

போர் முடிந்தபின் ஐரோப்பா திரும்பிய அம்மையார், மீண்டும் ஒருமுறை இந்தியா வந்து சென்றார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1952-ஆம் ஆண்டு மே திங்கள் 6-ஆம் நாள், நெதர்லாந்தில் நோர்டுவைக் என்னும் கடற்கரையூரில் அவர் இயற்கை எய்தினார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். ஒருகால் அவர் பள்ளிகளை மூடிய இத்தாலி, பிற்காலத்தில் தன் ஆயிரம் லிரா பணத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்துப் பெருமை செய்தது.

அம்மையாரின் முறை பயன் தருவதுதானா என்பதைப் பின்வந்தோரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்குள்ள ஒரு மாண்டிசோரிப் பள்ளியில் இடம் வேண்டுவோர் மிகுதியாதலின், சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைச் சேர்த்து வந்தனர். சீட்டு விழுந்து அங்கே பயின்றவரையும், விழாமையால் வேறு பள்ளிகளிற் பயின்றவரையும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். இருசாராரின் பெற்றோரும் ஒரே பள்ளியை விரும்பினவர்களாதலால், பெற்றோரின் ஆர்வமே வேற்றுமைக்குக் காரணம் என்று சொல்ல இடமில்லை. மாண்டிசோரிப் பள்ளியில் பயின்ற ஐந்து வயதுப் பிள்ளைகள் படிப்பிலும் கணக்கிலும் பிறரோடு இணங்கி நடப்பதிலும் மேம்பட்டிருந்தனர். ஒரு நகரில், ஒரு பள்ளியளவில் நடந்த ஆய்வாகலின், அதனை எங்கும் பொருந்தும் முடிந்த முடிபாகக் கொள்ளுதல் கூடாது. ஆயினும், கண்டதைச் சோதித்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பது அம்மையாரின் வழியாதலின், அவ்வழியே அவர் முறையையும் சோதித்தல் அவருக்கு உவப்பான செயலேயாகும்.

பிறர் பேராசையைக் கண்ட இடத்தில் அம்மையார் பசியைக் கண்டார். பிறர் குறும்பைக் கண்ட இடத்தில் வேலை தேடும் கைகளைக் கண்டார். அவ்வாறு காணும் கண்ணே அவர் உலகிற்கு அளித்த பெருங்கொடை எனலாம். மாணவ மாணவியரே, உங்கள் வீட்டிலும் தம்பி தங்கையர் இருப்பர். சின்னஞ்சிறு விரல்கள் ஒரு பொத்தானை மாட்ட முயன்று தடுமாறும்போது, பொறுமையிழந்து அதனைப் பறித்து நீங்களே மாட்டிவிட விரைவீர்கள். அவ்வேளையில் சற்றே கையடக்கி நின்று பாருங்கள். பலமுறை தவறிய பின் அப்பொத்தான் துளையிற் புகும். அக்குழந்தையின் முகம் மலரும். அம்மலர்ச்சியைக் காணும் பொறுமை உடையவர் எவரோ, அவரே மாண்டிசோரி அம்மையாரின் பள்ளியிற் பயின்றவர் ஆவர்.